ராஜாவின் கண்ணாடி, பரணில் பிலிம்

செகந்தராபாத்தில் ரயிலைவிட்டு இறங்குகிற பயணி சார்மினாருக்கு ஆட்டோ பிடிப்பார். இல்லாவிட்டால் பிரியாணி எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரிப்பார். இந்த இரட்டை நகரத்துக்கு அதிகம் பேசப்படாத இன்னொரு பெருமை உண்டு. போட்டோ பிடித்த ஒருவரை ராஜா ஆக்கிய ஊர் இது.

அவர் பெயர் தீன் தயாள். மீரட் அருகே சர்தனாவில் 1844இல் பிறந்தவர். ரூர்க்கியில் பொறியியல் படித்துவிட்டு, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். 1870களில் ஆர்வத்துக்காகக் கையிலெடுத்த கேமரா அவரை ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலி கானின் அரசவை வரை கொண்டுவந்து சேர்த்தது. செகந்தராபாத்தில் ஸ்டூடியோ வைத்தார். பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்களும் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமே என்று, ஆங்கிலேயப் பெண்மணி ஒருவரின் பொறுப்பில் 1892இல் தனி ஸ்டூடியோவையும் தொடங்கினார். 1894இல் நிஜாம் அவருக்கு ‘ராஜா’ பட்டம் அளித்தார். 1905இல் தீன் தயாள் இறந்தார்.

அவரது ஸ்டூடியோவின் கண்ணாடி நெகடிவ்கள் 2,857 இன்று தில்லியில் இருக்கின்றன. 1989இல் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவற்றை வாங்கியது. ஊரைவிட்டுப் போனது வருத்தம்தான். ஆனால், கைமாறாமல் கிடந்த எத்தனையோ கண்ணாடி நெகடிவ்களுக்கு நேர்ந்த கதி வேறு: மருந்துப் பூச்சைச் சுரண்டி எறிந்துவிட்டு, வெறும் கண்ணாடியாக விற்றுவிட்டார்கள்.

ராஜாவின் படங்களை இனி தில்லி பார்த்துக்கொள்ளும். இங்கே கவலைப்பட வேண்டியது வேறொரு சேமிப்பைப் பற்றி. பத்மாராவ் நகர், மேற்கு மாரேட்பள்ளி போன்ற பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ரயில்வே, ராணுவம், வங்கி என்று வேலைக்கு வந்து, ஸ்கந்தகிரி முருகன் துணையில் இங்கேயே தங்கிவிட்டவர்கள். இத்தகைய வீடுகளின் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் ஸ்டூடியோக் கவருக்குள் கிடக்கின்றன நெகடிவ்கள்: சஷ்டியப்தபூர்த்தி, வளைகாப்பு, நாகார்ஜுனசாகர் பிக்னிக். சிலவற்றின் ஓரத்தில் ‘இந்து’ என்ற பெயர்கூடத் தெரியலாம். 1960இல் ஊட்டியில் நிறுவப்பட்டு, இப்போது மூடிக்கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் சரக்கு அது.

கண்ணாடி உடையும், ஆனால் அழுகாது. பிலிம் அழுகும். நீங்கள் பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடித்தால், அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலும் அடுத்து வரும் மழைக்கால ஈரமும் பிலிமுக்குப் பகை. பிலிம் சுருங்கும், நெளியும். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும். கலர் நெகடிவிலோ சாயமும் வெளுக்கும். ஸ்லைடுகளுக்கு இன்னொரு தொல்லை: கோடக் நிறுவனம் புரொஜெக்டர் தயாரிப்பை 2004இலேயே நிறுத்திவிட்டது. படம் இருக்கிறது, பார்க்க வழியில்லை.

வழி இப்போது பல வீடுகளிலேயே இருக்கிறது. ஸ்கேனர் தேடி அலைய வேண்டாம். டிஜிட்டல் கேமரா, மிக அருகில் படம் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், ஆடாத ஸ்டாண்டு, சீரான வெள்ளை ஒளி தரும் எல்இடி பலகை ஆகிய நான்கும் போதும். பிலிமைப் பலகைக்குச் சற்று மேலே சமமாகப் பிடித்து, பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்கும்படி வைத்து எடுக்க வேண்டும். 35 மி.மீ. பிலிமின் ஒரு படம் 36க்கு 24 மி.மீ. அது 24 மெகாபிக்சல் கேமராவின் சட்டத்தை நிறைத்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 4,200 புள்ளிகள் கிடைக்கும். வீட்டு ஆல்பத்துக்கு இது தாராளம்.

நுணுக்கங்களும் எளியவை. கேமரா நேராக இருக்கிறதா என்று அறிய, பிலிம் வைக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் சரி. அறை விளக்கை அணைக்க வேண்டும். தூசி பறக்காமலிருக்க மின்விசிறியையும் அணைக்க வேண்டும். துணியால் துடைக்காமல் ரப்பர் ஊதியால் ஊதினால் கீறல் விழாது. ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, கைபடாமலிருக்க டைமர். கறுப்பு வெள்ளை நெகடிவைக் கம்ப்யூட்டரில் தலைகீழாக்கினால் முகம் வந்துவிடும். கலர் நெகடிவில் ஆரஞ்சுப் படலத்தையும் கழிக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் பொறுமை தேவை. ஸ்லைடுக்கு இந்த வேலையே இல்லை.

ஆனால் கேமராவுக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு: பெயர். தீன் தயாளின் படங்கள் பலவற்றில் எண்ணும் தலைப்பும் நெகடிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. நூறாண்டு கழித்தும் இது எந்த மாளிகை, எந்த விருந்து என்று சொல்ல முடிவது அதனால்தான். நம் வீட்டு நெகடிவில் அப்படி எதுவும் இல்லை. கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் அந்த மாமா யார் என்று சொல்லக்கூடியவர் எண்பது வயதுப் பாட்டி ஒருவர்தான். பிலிம் அழுகுவதற்கு முன்பே அந்தத் தகவல் போய்விடலாம்.

எனவே படம் எடுக்கும் நாளில் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது லென்ஸைவிட முக்கியம். ஒவ்வொரு படம் திரையில் தெளியும்போதும் பெயர், ஊர், வருடம் மூன்றையும் கேட்டு ஃபைலின் பெயரோடு சேர்த்துவிட வேண்டும். 2010களில் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் ஆக்க, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இறங்கியது. ஆனால் எந்த நிறுவனமும் நம் பரணைத் தேடி வராது.

நகல் எடுத்த கையோடு நெகடிவை எறிந்துவிடுவதும் தவறு. ஹார்டு டிஸ்க் எந்த நாளும் மௌனமாகலாம். இரண்டு டிஸ்கில் நகல், மூன்றாவது வேறு ஊரில் உள்ள உறவினரிடம், மூலப் பிலிம் காகித உறையில் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில். காடி நெடி அடிப்பவை மட்டும் தனியாக.

அடுத்த முறை ஹைதராபாத் போகும்போது சௌமஹல்லா அரண்மனையில் நிஜாம் காலத்துப் படங்களை நிதானமாகப் பாருங்கள். பிறகு மாரேட்பள்ளியில் சித்தப்பா வீடு இருந்தால், காபி குடித்த கையோடு பரணில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பாட்டிக்குத் தூக்கம் வருவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.