முழங்கால் முறிச்சானுக்கு முதல் எண்

கோல்ஃப் மைதானத்தில் கையில் கொடுக்கும் ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் பக்கத்தில் 1 முதல் 18 வரை ஓர் எண் அச்சடித்திருக்கும். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்பார்கள். பொதுவாக ஆட்டக்காரரை அதிகம் வதைக்கும் ஹோலுக்கு 1, ஆகச் சுலபமானதற்கு 18. புதிய மைதானம் எதற்குப் போனாலும் அந்த 1 எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். சித்தூரிலிருந்து திருப்பதி போய், அலிபிரியில் தொடங்கித் திருமலைக்கு நடந்தே ஏறியபோதும் மனசு அதையே தேடியது. 3,550 படிகளில் எது இண்டெக்ஸ் 1?

சித்தூரில் என் அக்கா வீடு. அங்கே ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்த தாலுகாக்களைச் சேர்த்து 1911-ல் உருவான மாவட்டம் இது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, சித்தூர் ஆந்திரத்தோடு நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. கோடுகள் மாறிக்கொண்டே இருந்தாலும் மலைக்குப் போகிறவர்களின் வழி மாறவில்லை.

அக்காவின் மாமனார் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். சித்தூர், வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் பல அங்கே சுரங்க வேலைக்குப் போயின. பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கங்கள் அவை, 2001-ல் மூடப்பட்டன. மேலே, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கென்று கிளப்பும் கோல்ஃப் மைதானமும். பெரியவர் அந்த மைதானத்தை ஓரமாக நின்று பார்த்ததோடு சரி. நான் கோல்ஃப் ஆடுகிறேன் என்று தெரிந்ததும், “அதுல எது கஷ்டம்பா? தூரமா அடிக்கிறதா, குழியில போடுறதா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை, சில இடங்களில் நிற்பதே கஷ்டம் என்றேன். சுரங்கத்தில் நின்றவர் அல்லவா, அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி 70 கிலோமீட்டர்தான். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். மாந்தோப்புகள், மாங்கூழ் ஆலைகள், அப்புறம் சந்திரகிரி மலை.

அலிபிரியில் பாதால மண்டபத்தில் பெருமாளின் பாதுகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் வலம் வருகிறார்கள். அங்கிருந்து படி. சற்று மேலே தலையேறு குண்டு என்றொரு பாறை. அதில் தலையையும் முழங்காலையும் முட்டிவிட்டுப் போனால் வலி வராது என்பது நம்பிக்கை. பாறையில் முழங்கால் பதிந்து பதிந்து வழுவழுவென்று தேய்ந்த குழிகள். விரலை வைத்துப் பார்த்தேன்; எண்ணெயும் மஞ்சளுமாக விரல் வழுக்கியது. எத்தனை தலைமுறை முழங்கால்கள்!

காலி கோபுரம் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறக்குறைய நிற்காத ஏற்றம். ஆனாலும் இதற்கு நான் முதல் எண் தரமாட்டேன். உடம்பு புதிதாக இருக்கிறது, காற்று இருக்கிறது, நாலாபக்கமும் ‘கோவிந்தா’ கேட்கிறது. மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காரலாம். மோர் விற்கிறார்கள், மாங்காய் கீறி உப்பு மிளகாய் தூவித் தருகிறார்கள். பலம் இருக்கும்போது வரும் கஷ்டத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஸ்ரீவாரி மெட்டு வழியையும் இதே கணக்கில்தான் வைப்பேன். சீனிவாச மங்காபுரம் பக்கமிருந்து ஏறும் 2,388 படிகள். குட்டையான, செங்குத்தான வழி. ஏமாற்று வேலையே கிடையாது. தொடங்கிய இடத்திலேயே தன் முகத்தைக் காட்டிவிடும்.

கோபுரத்தைத் தாண்டினால் பாதை கிட்டத்தட்ட சமதரை. மான் பூங்கா, ஏழாவது மைல் ஆஞ்சநேயர், பக்கத்திலேயே ஓடும் மலைச்சாலை. 1944-ல் திறந்த முதல் சாலையின் ஓரமாகவும் கொஞ்ச தூரம் நடக்கிறோம். இரண்டுபுறமும் காடு. 2023 ஆகஸ்டில் இந்த வழியில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது; அதற்குப் பிறகுதான் நடப்பவர்களுக்கு ஆளுக்கொரு தடி கொடுத்தார்கள். குழந்தையோடு வருகிறவர்கள் இங்கே பேச்சைக் குறைத்துக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். மற்றவர்களுக்கோ கால் ஆறிவிட்டது, ஏற்றம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

இந்த நினைப்புதான் ஆபத்து. கோல்ஃபில் பேர்போன கஷ்டமான ஹோல்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் 17-ஆவது ஹோலுக்கு ‘ரோடு ஹோல்’ என்று பெயர். முதல் அடியை ஒரு ஹோட்டல் கட்டடத்தின் மூலைக்கு மேலாக, பந்து போய் விழும் இடம் தெரியாமலே அடிக்க வேண்டும். குழி இருக்கும் கிரீனுக்கு முன்னால் ஆழமான மணல் பங்கர், பின்னால் தார்ச்சாலை. 1978 ஓப்பன் போட்டியில் ஜப்பானின் டாமி நகஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். மூன்றாவது அடியிலேயே முடித்துவிட மெல்லத் தட்டிய பந்து சரிவில் உருண்டு அந்தப் பங்கருக்குள் விழுந்தது. வெளியே எடுக்க நாலு அடி. நாலில் முடிக்க வேண்டியதை ஒன்பதில் முடித்தார். நல்ல ஆட்டம் ஆடி, கிரீனையும் தொட்ட பிறகு!

1999-ல் கார்னூஸ்டி மைதானத்து ஓப்பன் போட்டியில் நடந்ததை இன்றும் என்னால் வலியில்லாமல் பார்க்க முடியாது. பிரான்ஸின் ழான் வான் டி வெல்டே மூன்று அடி முன்னிலையோடு கடைசி ஹோலுக்கு வந்தார். ஆறில் முடித்திருந்தாலே கோப்பை அவருடையது. பந்து பாரி பர்ன் என்ற ஓடையில் விழுந்தது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் அபராத அடியை ஏற்றுக்கொண்டு ஏறிவந்தார். ஏழில் முடித்தார், பிளே ஆஃபில் பால் லாரி வென்றார். அந்த ஹோல் 17 ஹோல் ஆடி முடித்த மனிதனுக்காகக் காத்திருந்தது. அதே ஹோலைக் காலையில் முதலாவதாகக் கொடுத்திருந்தால் நாலிலோ ஐந்திலோ முடித்திருப்பார் என்றே நம்புகிறேன்.

சாதாரண கிளப்களில் இண்டெக்ஸ் 1-ஐ ஆட்டத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வைப்பதைத் தவிர்ப்பார்கள். மலைப்பாதைக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது.

அவ்வாசாரி கோனைப் பள்ளத்தாக்கைக் கடந்ததும் அது எதிரே எழுகிறது. தெலுங்கில் மோக்காள்ள பர்வதம், தமிழ் யாத்திரிகர்களுக்கு முழங்கால் முறிச்சான். படிகள் உயரம், சரிவு நெற்றிக்கு நேராக நிற்கிறது. எண்ணிக்கையில் பார்த்தால் காலி கோபுரத்து ஏற்றத்தில் சிறு பங்குதான். ஆனால் சமதரையில் நடந்து இளகிப்போன தொடைகள் முதல் பத்துப் படியிலேயே நடுங்குகின்றன. கீழே அத்தனை படிகளைத் துள்ளி ஏறிய கல்லூரிப் பையன்கள் இங்கே கைப்பிடியில் சாய்ந்து நின்றார்கள். என் தீர்ப்பில் இண்டெக்ஸ் 1 இதற்குத்தான்.

மலையே ஆதிசேஷன், அதன்மேல் காலை வைக்கலாகாது என்று ராமானுஜர் இங்கே முழங்காலால் ஏறினார் என்பது ஐதீகம். அவருக்கு இங்கே ஒரு சன்னதியும் உண்டு. தெலுங்குக் கவி தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் சிறுவனாக வந்தபோது இதே இடத்தில்தான் பசியிலும் களைப்பிலும் விழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு என்று அலமேலுமங்கைத் தாயாரே வந்து சொல்லிப் பிரசாதம் ஊட்டியதாகவும், எழுந்த பையன் அவள் மேல் சதகம் பாடியதாகவும் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு ஓடையில் வெறுங்காலோடு நின்ற அந்தப் பிரெஞ்சுக்காரர் ஞாபகம் வந்தார். தாயார் அவர் பக்கமும் கொஞ்சம் வந்திருக்கலாம்.

மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் முழங்கால் முறிச்சானை முழங்காலாலேயே ஏறுகிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். முதல் படியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, மண்டியிட்டாள். ஒரு முழங்காலைத் தூக்கி மேல்படியில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, அடுத்ததை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு படிக்கு அத்தனை வேலை. பத்துப் படி போவதற்குள் புடவையின் முழங்கால் பக்கம் குங்குமமும் அழுக்குமாகச் சிவந்துவிட்டது.

“அக்கா, கொஞ்சம் எழுந்து நடந்துட்டு அப்புறம் மண்டி போடேன்.”

“நான் நேர்ந்துக்கிட்டது அப்படி இல்லடா.”

இருக்கிற கஷ்டம் போதாதென்று அதை மேலும் கடினமாக்கிக்கொள்ளும் மனசை நான் மதிக்கிறேன். ரோடு ஹோலையும் 2010-ல் இன்னும் 40 கஜம் பின்னுக்குத் தள்ளி 495 கஜமாக்கினார்கள். இனிமேலும் அது சவாலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஆனால் அங்கே கடினத்தைக் கூட்டுவது மைதானம். இங்கே ஏறுகிறவளே கூட்டிக்கொள்கிறாள், அதுவும் வேறொருவருக்காக.

பக்கத்தில் இதேபோல ஏறிக்கொண்டிருந்த வயதான தெலுங்கு அம்மா அக்காவின் முழங்காலைப் பார்த்தார். தன் இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி, பாதியாகக் கிழித்து நீட்டினார். “இதி கட்டுகோ அம்மா.” அக்கா இரண்டு முழங்காலிலும் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஏறும் வேகம் கூடவில்லை. முகத்தின் சுளிப்பு மட்டும் குறைந்தது. நான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே போனேன். நடந்து ஏறுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரோ ஒரு சிறுவன் ‘கோவிந்தா’ சொல்ல, வரிசை முழுக்கத் திருப்பிச் சொன்னது.

மேலே வந்து ராமானுஜரைச் சேவித்துவிட்டு அக்கா துணியை அவிழ்த்தாள். திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அந்த அம்மா இன்னும் ஏழெட்டுப் படி கீழேயே இருந்தார். அக்கா என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினாள். அவருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றிக் கொடுத்து, அவர் கடைசிப் படியைத் தொடும்வரை கூடவே வந்தாள். திருமலைக்கு மிச்சமிருந்த படிகளை மூன்று பேருமாக நடந்து ஏறினோம்.