கம்ப்யூட்டருக்குக் காது முளைச்ச இடம்

சிங்கப்பூர் போனா முஸ்தபா, மெர்லயன், சென்டோசானு ஒரு ரவுண்ட் அடிச்சிட்டு, தைலமும் சாக்லெட்டுமா மூட்டை கட்டிட்டுத் திரும்பற ஆளா நீங்க? தப்பில்லை பாஸ். ஆனா ஒரே ஒரு சாயங்காலத்தை மட்டும் எனக்குக் கொடுங்க. கியூ கிடையாது, டிக்கெட் கிடையாது. சொல்லப்போனா, அங்கே பார்க்கிறதுக்கு எதுவுமே கிடையாது!

சைனா டவுன்ல சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வாசல்ல இருந்து கிளம்புவோம். 1827-ல ஆரம்பிச்ச கோயில், சிங்கப்பூரோட ரொம்பப் பழைய இந்துக் கோயில் இதுதான். பக்கத்துத் தெருவுக்குப் பேரு பகோடா ஸ்ட்ரீட். ஏதோ சீன பகோடானு நினைச்சுடாதீங்க, நம்ம கோபுரத்தைப் பார்த்துத்தான் அந்தப் பேரே வெச்சாங்க. அந்தத் தெரு முடியற இடத்துல நியூ பிரிட்ஜ் ரோடு. அதையும் தாண்டினா யூ டோங் சென் ஸ்ட்ரீட். இடது பக்கம் திரும்பி, வலது கைப்பக்கம் பேர்ல்ஸ் ஹில் குன்றைப் பார்த்துக்கிட்டே நடங்க. அவுட்ராம் பார்க் மெட்ரோ ஸ்டேஷன் வரும். அங்கே நில்லுங்க.

இந்த இடத்துலதான் பேர்ல்ஸ் சென்டர்னு ஒரு கட்டடம் இருந்துச்சு. கீழே கடைங்க, மேலே வீடுங்க, நடுவுல ஒரு பழைய சினிமா தியேட்டர். 1981 ஜூலை 1-ம் தேதி சிம் வோங் ஹூ, இங் காய் வானு ரெண்டு பேர் அங்கே ஒரு குட்டிக் கடை போட்டாங்க. ரெண்டு பேரும் ஙீ ஆன் பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்சவங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றதுதான் வேலை. கடைப் பேரு கிரியேட்டிவ் டெக்னாலஜி. பின்னாடி உலகத்தையே கலக்கின ‘சவுண்ட் பிளாஸ்டர்’ கார்டு இவங்க தயாரிப்புதான்!

சிம், பன்னிரண்டு பிள்ளைங்க இருந்த வீட்டுல பத்தாவது. மவுத் ஆர்கன், அக்கார்டியன்னு பாட்டு வாத்தியம்னா உயிர். அன்னிக்குக் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச ஒரே சத்தம் ‘பீப்’. இவருக்கு அது எப்படிப் பிடிக்கும்? 1986-ல க்யூபிக் சி.டி.னு பேசற, பாடற கம்ப்யூட்டர் ஒண்ணை இவங்க கம்பெனி கொண்டுவந்துச்சு. வியாபாரம் படுத்துடுச்சு. சரி, கம்ப்யூட்டர் வேண்டாம், சத்தம் போடற பாகத்தை மட்டும் தனி கார்டா விப்போம்னு இறங்கினாங்க. 1989-ல சவுண்ட் பிளாஸ்டர் வந்துச்சு. 1992-ல நாஸ்டாக் பங்குச் சந்தையில ஏறின முதல் சிங்கப்பூர் கம்பெனி கிரியேட்டிவ்!

அந்தக் கார்டு பாட்டு பாடினதைவிட எனக்குப் பெரிசாத் தெரியறது, அதுல மைக் சொருக ஓர் ஓட்டை இருந்ததுதான். வீட்டுக் கம்ப்யூட்டர் நாம பேசறதைக் கேட்க ஆரம்பிச்சுது. எப்படிக் கேட்டுச்சு? உங்க குரலை ஒரு செகண்டுக்குச் சுமார் 12,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 0-ல இருந்து 255 வரைக்கும் ஒரு நம்பரா எழுதிக்கும். 128-னா அமைதி. அவ்வளவுதான் ரெக்கார்டிங்.

கணக்கு போட்டுப் பாருங்க. செகண்டுக்கு 12,000 பைட். ஒரு 1.44 எம்.பி. ஃபிளாப்பியில ரெண்டு நிமிஷப் பேச்சுதான் அடங்கும். ஹார்ட் டிஸ்க்கே 40 எம்.பி. இருந்தா ராஜா வீட்டுப் பிள்ளை. அதனால எல்லாரும் துண்டு துண்டா ரெக்கார்ட் பண்ணி அப்புறம் ஒட்டவெச்சாங்க. இந்த ஒட்டற வேலை இருக்கே... அது ஒரு தனிக் கலை!

நம்ம ஊர் ரயில்வே ஸ்டேஷன்ல “வண்டி எண்... ஒன்று... இரண்டு... ஆறு...”னு அறிவிப்பு வருமே, கேட்டிருக்கீங்கதானே? ஒவ்வொரு நம்பருக்கும் நடுவுல குரல் லேசா ஏறி இறங்கும். அதுதான் ஒட்டு. தனித்தனியாப் பதிஞ்ச துண்டுங்களைச் சேர்த்தா அப்படித்தான் இருக்கும். முதல் துண்டு முடியற நம்பரும் அடுத்த துண்டு ஆரம்பிக்கிற நம்பரும் ரொம்ப தூரத்துல இருந்தா, நடுவுல ‘டிக்’குனு ஒரு சத்தம் வரும். ரெண்டு பக்கமும் 128-க்குப் பக்கத்துல வெட்டி ஒட்டினா டிக் காணாமப் போயிடும்.

டாஸ்ல ‘காப்பி /பி’னு போட்டு ரெண்டு ஃபைலைச் சேர்க்கலாமேனு கேட்பீங்க. வேவ் ஃபைல்ல போட்டா முதல் துண்டு மட்டும்தான் பாடும். ஏன்னா, ‘என் நீளம் இவ்வளவு’னு அது தலையிலேயே எழுதியிருக்கு. அதுக்கு மேல எது வந்தாலும் கண்டுக்காது. எம்.பி.3 நல்ல பிள்ளை. அது 26 மில்லி செகண்ட் அளவு குட்டிக் குட்டி டப்பாக்களா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித் தலை. அதனால அப்படியே ஒட்டினாலும் பெரும்பாலும் பாடிடும். கிரியேட்டிவோட சொந்த ஃபைல் வகை ‘வாக்’. அதுவும் டப்பா டப்பாவாத்தான் இருக்கும், ஆனா கடைசியில ‘முடிஞ்சுது’னு ஒரு முத்திரை உண்டு. அதைத் தூக்கிட்டு ஒட்டறதுக்குன்னே ‘ஜாயின்ட்வாக்’னு ஒரு புரோகிராம் கொடுத்தாங்க. பத்து செகண்ட் அமைதி வேணும்னா 1,20,000 பைட் வீணாக்க வேண்டாம், ‘இவ்வளவு நேரம் சும்மா இரு’னு ஒரு டப்பா போட்டா போதும். மூளை!

விண்டோஸ் 3.1 (1992) காலத்துல சவுண்ட் ரெக்கார்டர் எல்லார் கைக்கும் வந்துச்சு. ஒரு தடவைக்கு 60 செகண்ட்தான். ‘இன்சர்ட் ஃபைல்’ போட்டுத் துண்டுங்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் நீட்டணும். உங்க அப்பா, அம்மா காலேஜ் படிச்ச காலமா இருந்தா, கேட்டுப் பாருங்க. டேப் ரெக்கார்டரோட இயர்போன் ஓட்டையில இருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்து, கேசட்டை நிமிஷம் நிமிஷமா உள்ளே இறக்கின ஆளுங்க உண்டு.

அந்தக் கேசட்டுல என்ன இருக்கும்கிறீங்க? சினிமா பாட்டு மட்டும் இல்லை. சிங்கப்பூர்லேயும் வளைகுடாவுலேயும் வேலை பார்த்தவங்க லெட்டருக்குப் பதிலா கேசட்டுல பேசி ஊருக்கு அனுப்பின காலம் ஒண்ணு இருந்துச்சு. “பாப்பா பள்ளிக்கூடம் போறாளா? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?” இப்படி அரை மணி நேரம். அது உங்க தாத்தா குரலா இருக்கலாம், வேற எங்கேயும் இல்லாத குரலா இருக்கலாம். நாடாவுல பூஞ்சை பிடிக்குது. ஃபிளாப்பி செத்துக்கிட்டு இருக்கு. பழைய சி.டி.யும் அப்படித்தான். ஃபைல் மட்டும் உயிரோட கைக்கு வந்துட்டா பயமில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தின வாக் ஃபைலைக்கூட வி.எல்.சி. இன்னிக்கும் பாடிக் காட்டும்.

பேர்ல்ஸ் சென்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மெட்ரோ பாதைக்காக இடத்தை எடுத்துக்கிறதா 2012-ல அரசாங்கம் அறிவிச்சுது. கட்டடம் இடிஞ்சுது. 2022 நவம்பர்ல புதுப் பாதையில ரயில் ஓட ஆரம்பிச்சுது. ரெண்டே மாசத்துல, 2023 ஜனவரி 4-ம் தேதி, சிம் வோங் ஹூவும் போயிட்டார். வயசு 67.

சரி, ஸ்டேஷனுக்குள்ள இறங்குங்க. நார்த் ஈஸ்ட் லைன்ல ஏறினா அஞ்சாவது ஸ்டேஷன் ஃபேரர் பார்க். முஸ்தபா அங்கதான்! தைலத்தோட, ரெண்டு முனையிலயும் 3.5 எம்.எம். பின் இருக்கிற ஒயர் ஒண்ணு வாங்கிடுங்க. லேப்டாப்ல லைன்-இன் ஓட்டை இல்லைன்னா குட்டி யு.எஸ்.பி. சவுண்ட் கார்டும் ஒண்ணு. ஊருக்கு வந்து கேசட்டை ஓட்டறதுக்கு முன்னாடி, டேப் ரெக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சிடுங்க. 44,100, மோனோ, வேவ். நிமிஷத்துக்கு 5 எம்.பி.தான் ஆகும். 60 செகண்டுக்கு ஒருதரம் நிறுத்த வேண்டியதில்லை.