அந்தக் கறுப்பு அட்டை கேசட்

கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் அறிவியல் பாடமும் வரும். ரிட்டயர்டு ஆனாலும் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991. பொன்மலைப் பக்கம் எட்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மடியில் எதையோ வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தால் ஒரு கேசட். அட்டை முழுக்கக் கறுப்பு. இங்கிலீஷ் பாட்டு. "என்ன இது, பேய்ப் பாட்டா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு வேகம் வந்துவிட்டது. டேப்பை வெளியே இழுத்து, எல்லோர் முன்னாலும் மேஜைமேல் கொட்டினேன்.

அவன் அழவில்லை. அடுத்த நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் அதே பையன் புதுமனை புகுவிழாப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. "வாங்க, உட்காருங்க" என்றேன். "வா, போன்னே சொல்லுங்க டீச்சர்" என்றான். தோளில் ஒரு கிதார் பை. இன்னொரு பையில் லேப்டாப்பும் ஒரு சின்னப் பெட்டியும். வேலை எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ், ராத்திரியில் கிதார். "ஒரு சத்தத்தைத்தான் டீச்சர் வருஷக்கணக்கா தேடிக்கிட்டிருக்கேன்" என்றான். எந்தச் சத்தம் என்று கேட்டேன். ஏசி/டிசி என்ற குழுவின் 'பேக் இன் பிளாக்' என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. லேப்டாப்பில் அட்டைப் படத்தைக் காட்டினான். கறுப்பு. அப்போதுதான் புரிந்தது.

அவனே கதையும் சொன்னான். அந்தக் குழுவில் கிதார் வாசித்த மால்கம் யங், ஆங்கஸ் யங் இருவரும் அண்ணன் தம்பி. ஸ்காட்லாந்தில் பிறந்து, 1963-ல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். தம்பி ஆங்கஸ் மேடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்டுக்கொண்டுதான் வாசிப்பார். அவருடைய அக்கா சொன்ன யோசனையாம் அது. 1980 பிப்ரவரியில் அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் இறந்துபோனார். புதுப் பாடகரைச் சேர்த்துக்கொண்டு பஹாமாஸ் தீவில் போய் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். இறந்தவருக்கான துக்கமாகத்தான் அட்டை கறுப்பு. முதல் பாட்டு தொடங்குவதே மணியோசையில்.

நான் பேய்ப் பாட்டு என்று கேலி செய்தது ஒரு துக்க வீட்டை.

இனி அறிவியல். அந்தக் காலத்து மார்ஷல் ஆம்ப்பில் இருந்தவை வால்வுகள். நம் வீட்டுப் பழைய ரேடியோவைப் போட்டால் சூடேறிய பிறகுதானே பேசும்? அதே வால்வுதான். கிதார் கம்பியின் அதிர்வு ஓர் அலை. வால்வு தாங்கும் அளவுக்குமேல் அலை பெரிதானால் அதன் தலையும் அடியும் மழுங்கிவிடும். அப்படி மழுங்கும்போது மூல ஒலியில் இல்லாத புதிய மேல்சுரங்கள் பிறக்கும். நாம் கரகரப்பு என்று சொல்வது அதைத்தான். ஆனால் அந்த ஒலி வர ஆம்ப்பை நன்றாகச் சத்தமாக வைக்க வேண்டும். 100 வாட் ஆம்ப்பை நம் தெருவில் அப்படி வைத்தால் போலீஸ் வரும்.

இப்போது அதைக் கணக்காகவே போட்டுவிடுகிறார்கள். அந்தச் சின்னப் பெட்டி கம்பியின் அதிர்வை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. வால்வு என்ன செய்யும், டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்யும் என்று லேப்டாப் கணக்கிடுகிறது. ஸ்பீக்கருக்கும் வழி உண்டு. கோயில் மண்டபத்தில் ஒரு முறை கை தட்டினால், எதிரொலியை வைத்தே மண்டபம் எப்படிப்பட்டது என்று தெரியுமல்லவா? அதுபோல உண்மையான ஸ்பீக்கரில் ஒரு சின்ன ஒலியை விட்டு, மைக்கில் பதிந்து, அதன் குணத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் சேர்ந்து கண் இமைக்கும் நேரத்துக்குள் ஹெட்போனுக்கு வந்துவிடுகிறது.

எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு வாசித்துக் காட்டினான். பிறகு மூலப் பதிவையும் போட்டான். இரண்டையும் கேட்டேன். "உன்னோடது ஐம்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல வாய்ப்பாடு கத்துற மாதிரி இருக்குப்பா. அவங்களோடதுல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா கேட்குது" என்றேன். வாயடைத்துப்போய் என்னைப் பார்த்தான்.

அவன் கெயின் என்ற குமிழை எட்டில் வைத்திருந்தான். நான்குக்கும் கீழே இறக்கினான். பேஸைக் குறைத்து, நடு ஒலியைக் கூட்டினான். அப்போது ஆங்கஸ் மேடையில் ஓடியாடி வாசிக்க வயர்லெஸ் கருவி ஒன்று வைத்திருந்தாராம். அதன் வழியாக வரும்போது ஒலி சற்று அழுத்தமாகும். ஸ்டூடியோவிலும் அதைப் பயன்படுத்தினார். அந்த அழுத்தத்தையும் கொஞ்சம் சேர்த்தான். பிறகு ஒரே வரியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்பினான். "ஒண்ணையே காப்பி அடிச்சுப் போடக்கூடாதா?" என்று கேட்டேன். "கூடாது டீச்சர். ரெண்டும் துளி வித்தியாசமா இருந்தாதான் அகலமா கேட்கும்" என்றான். காப்பி அடித்தால் மார்க் வராது என்று நானும் சொல்லியிருக்கிறேனே!

இப்போது ஏறக்குறைய அதுவேதான். முழுக்க இல்லை. "மிச்சம் அவங்க விரல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினான்.

காபி கொடுத்துவிட்டு நானே ஆரம்பித்தேன். "அன்னிக்கு அந்தக் கேசட்..." அவன் மறக்கவில்லை. அது அவனுடையது இல்லையாம், சித்தப்பாவுடையது. சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறான். வீட்டில் பெல்ட் அடி. அதனால்தான் நான்கு நாள் வரவில்லை. "ஏ சைடு மட்டும்தான் கேட்டிருந்தேன் டீச்சர். 'பேக் இன் பிளாக்' பாட்டு பி சைடுல முதல் பாட்டு. அதைக் கேட்கவே எனக்கு இருபது வயசாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை. "தப்பு பண்ணிட்டேன்ப்பா. மன்னிச்சிடு" என்றேன். "ஐயோ, என்ன டீச்சர்" என்று எழுந்து நின்றுவிட்டான், வகுப்பில் நிற்பதுபோலவே.

பாடம் கவனிக்காததற்குக் கண்டித்தது சரி. கேசட்டை மாலையில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எனக்குப் புரியாததைக் கேலி செய்து ஐம்பது பேரைச் சிரிக்க வைத்தது ஆசிரியர் வேலை இல்லை. பயிற்சிப் பள்ளியில் இதைத் தனிப் பாடமாக யாரும் நடத்தவில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் போன பிறகு பீரோவின் அடித்தட்டைத் திறந்து பார்த்தேன். உங்களிடம் பிடுங்கியவற்றில் சில இன்னும் இருக்கின்றன: இரண்டு பம்பரம், ஒரு மவுத் ஆர்கன், ஒரு பூதக்கண்ணாடி, சினிமா பிலிம் துண்டுகள், ஒரு டப்பா கோலிக்குண்டு. யாருடையது என்று எனக்கு நினைவில்லை. உங்களுக்கு இருக்கும். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். திட்ட மாட்டேன். காபி உண்டு.