சதுர அங்குலத்துக்கு இரண்டு சென்ட்

நாஷ்வில்லில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் அம்மா போன ஆண்டு காலமானார். அவருடைய பெட்டியில், முடிக்காமல் விட்ட மூன்று குவில்ட் மேல்துணிகள் மடித்து வைத்த வாக்கில் கிடந்தன. துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியை முடிப்பதோடு வேலை தீராது. அதன் அடியில் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஊடாகத் தையல் ஓட்டினால்தான் அது குவில்ட். அந்தத் தையல் எந்த வடிவத்தில் ஓட வேண்டும் என்பதில்தான் தோழி தவித்துப்போனாள். அம்மா வைத்திருந்த மாதிரித் தாள்களைப் புரட்டினோம். கால் அங்குலம் பிசகாமல் வெட்டுவதையும் இணைப்பதையும் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘விருப்பம்போல் குவில்ட் செய்துகொள்ளவும்’ என்று ஒற்றை வரியில் கைகழுவியிருந்தார்கள்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கென்டக்கி மாநிலத்துப் பதூக்காவில் கூலிக்குக் குவில்ட் தைத்துத் தரும் ஓர் அம்மாவைத் தேடிப் போனோம். ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் கூடுகிற இடத்தில் உள்ள சிறிய ஊர். 1984ல் அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி இங்கேதான் தொடங்கியது. மறு ஆண்டே முதல் கண்காட்சி, 1991ல் அருங்காட்சியகம், 2013ல் யுனெஸ்கோவின் கைவினை நகரங்கள் பட்டியலில் இடம். கைத்தையலுக்கும் எந்திரத் தையலுக்கும் நடந்த பெரிய சண்டைக்கும் இந்த ஊர்தான் களம். 1989 கண்காட்சியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் எந்திரத்தில் குவில்ட் செய்த ‘கரோனா 2: சூரிய கிரகணம்’ தலைசிறந்த படைப்புக்கான பரிசைப் பெற்றது. எந்திரத் தையலுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. கைத்தையல்காரர்கள் பலர் கொதித்துப்போனார்கள்.

நாங்கள் போன வீட்டில் கார் நிற்க வேண்டிய கொட்டகை முழுவதையும் லாங்ஆர்ம் எந்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடி நீளச் சட்டம், துணியைச் சுற்றிவைக்க உருளைகள், தண்டவாளத்தில் நான்கு பக்கமும் நகரும் தையல் தலை. வீட்டுத் தையல் எந்திரத்தில் துணியை நாம் தள்ளுவோம். இங்கே துணி அசையாது, ஊசிதான் அதன்மேல் அலையும். மேசைமேல் வடிவம் வரைந்த நீளக் காகிதத்தை விரித்து, அதன் கோட்டில் சிவப்பு ஒளிப்புள்ளி பிசகாமல் ஓடும்படி கைப்பிடியை நடத்தினால் அதே வடிவம் துணியில் விழுகிறது. நூலை அறுக்காமல் ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் முடியும் ஒற்றைக் கோடு அது, நம் ஊர்ச் சிக்குக் கோலம் போல.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோழி முதல் துணியை விரித்ததும் அவர் வடிவத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “இதை யார் போர்த்திக்கப் போறாங்க? எத்தனை தடவை துவைப்பாங்க?” என்று கேட்டார். தோழியின் ஐந்து வயது மகனுக்கு என்றதும், நெருக்கமான வடிவங்கள் இருந்த கட்டையே எடுத்து அப்பால் வைத்துவிட்டார். தையல் நெருங்க நெருங்கத் துணி அட்டையாக விறைக்கும், பிள்ளை அதைச் சுற்றிக்கொண்டு தூங்க முடியாது. ரொம்பவும் இடைவெளி விட்டால் துவைக்கும்போது உள்ளே பஞ்சு விலகும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் விழ வேண்டும் என்று பஞ்சு உறையிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டினார்.

அந்தத் துணி ‘லாக் கேபின்’ வகை. நடுவில் சிவப்புச் சதுரம், அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் பட்டைகள், எல்லாம் நேர்கோடு. தோழிக்கு மேலேயும் நேர்கோட்டுத் தையல்தான் பிடித்திருந்தது. அந்த அம்மா இரண்டு பட்டைகள் சேரும் இடத்தை விரலால் தடவினார். “உங்கம்மா கை இங்க கொஞ்சம் ஓடியிருக்கு பாரு கண்ணு. பக்கத்துல நேர்கோடு போட்டா இந்தக் கோணல்தான் முதல்ல கண்ல படும்.” வளைவுகளே வேண்டும் என்று அவர் எடுத்தது ‘பாப்டிஸ்ட் விசிறி’, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வளைவுகள். சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் முழங்கையை ஊன்றி, கை எட்டும் தூரத்துக்கு வளைவு இழுத்ததில் பிறந்த வடிவம் என்பார்கள். கோணலெல்லாம் அதற்குள் அடங்கிப்போகும்.

இரண்டாவது துணியில்தான் அவர் வெகுநேரம் நின்றார். சாம்பல் நிற வெளி, ஒரு மூலையில் மட்டும் சில வண்ணக் கட்டங்கள். மேலே ஒரு கண்ணாடித்தாளை விரித்தார். பேனா தவறித் துணிக்கு இறங்கிவிடாமல் இருக்கத் தாளின் நான்கு ஓரத்திலும் பச்சை நாடா ஒட்டியிருந்தது. அதன்மேல் இறகு வடிவம் வரைந்து பார்த்தார், துடைத்தார். வட்டங்கள் வரைந்தார், அதையும் துடைத்தார். கடைசியில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கிடைக்கோடுகள். அப்படியானால் வண்ணக் கட்டங்களைத் தைக்காமல் விட்டால் எடுப்பாக இருக்குமே என்றேன். கூடாதாம். சுற்றிலும் நெருக்கித் தைத்தால் அந்த இடம் சுருங்கும், விட்ட இடம் கொப்புளமாக உப்பும், விளிம்பு அலையடிக்கும். கட்டங்களுக்குள்ளும் ஏறக்குறைய அதே நெருக்கத்தில் வேறொரு வடிவம் போக வேண்டும். நூலையும் கண்டில் வைத்துப் பார்த்து முடிவு செய்யவில்லை. நாலைந்து நிறங்களில் நூலைப் பிரித்து ஒவ்வொரு துண்டின்மீதும் இழை இழையாக ஓடவிட்டுப் பார்த்தார். கண்டில் கருப்பாகத் தெரிந்த சாம்பல் நூல் ஒற்றை இழையாகப் படுத்ததும் துணியோடு கலந்துவிட்டது.

இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊசி இன்னும் ஒரு தையல்கூடப் போடவில்லை.

சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் காலர் தைத்தவர் அவர். டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. 1990களில் தொழிற்சாலை எல்லை தாண்டிப் போனது. கடன் வாங்கிப் பழைய எந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டார். இப்போதும் அளவுக் கூலிதான்: விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே வடிவம் ஓட்டினால் சதுர அங்குலத்துக்கு இரண்டு சென்ட். அறுபதுக்கு எண்பது அங்குலத் துணி என்றால் 4,800 சதுர அங்குலம், 96 டாலர். அந்த ஒரு மணி நேரம், தடவிப் பார்த்தது, வரைந்து துடைத்தது எதுவும் கணக்கில் வராது. அதையும் சேர்த்து வாங்கக் கூடாதா என்று கேட்டேன். “மிஷின்தானே தைக்குதுன்னு சொல்றவங்ககிட்ட எப்படிக் கேக்கிறது?” என்றார்.

எனக்கு ஆறவில்லை. குவில்ட் தைப்பவளுக்கு உரிய விலை கிடைக்காதது புதிதுமல்ல. ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் காட்சிகளை வைத்துத் தைத்த குவில்ட்டுக்குப் பத்து டாலர் கேட்டு, வறுமையில் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அந்தக் குவில்ட் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் அதையும் வேறு சிலவற்றையும் சீனாவில் நகலெடுத்து விற்க அந்த நிறுவனம் உரிமம் கொடுத்தபோது அமெரிக்கக் குவில்ட்காரர்களிடமிருந்து பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனாலும் இறக்குமதிக் குவில்ட்களின் வரத்து நிற்கவில்லை. சீனாவிலும் இந்தியாவிலும் தைத்த குவில்ட்கள் இங்கே பேரங்காடிகளில், இந்த அம்மா வாங்கும் வெறும் தையல்கூலிக்கும் குறைவான விலையில் தொங்குகின்றன. அந்த விலையில் கப்பல், தரகர், கடை எல்லோருக்கும் பங்கு போக, ஊசி பிடித்தவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? வாங்குகிறவர்கள் அந்த விலைச்சீட்டைக் கொண்டுவந்து இவரிடம் பேரம் பேசுகிறார்கள். அங்கே ஒருத்தியின் வயிற்றில் அடித்த விலை, இங்கே இன்னொருத்தியின் கூலியை அறுக்கிறது. நடுவில் நிற்பவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் லாபம்.

மூன்றாவது துணி தோழியின் பாட்டி 1930களில் தொடங்கியது. ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்று பெயர். தீவன மூட்டைகளின் பூப்போட்ட பருத்தியில் வெட்டிய அறுகோணங்கள், ஒவ்வொன்றும் கையால் இணைத்தது. அதற்கு அந்த அம்மா காகிதம் எதையும் எடுக்கவில்லை. விளிம்பு பற்கள் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் உருளையில் நேராகப் பிடிக்காது. இழுத்துக் கட்டினால் எண்பது ஆண்டு தாண்டிய தையல் எங்காவது வாய் பிளக்கும். செய்தே ஆக வேண்டும் என்றால் மேலாக ஒரு சுருள் ஓட்டித் தரலாம், பலரும் அப்படித்தான் தருகிறார்கள், ஆனால் தான் செய்ய மாட்டேன் என்றார். ஒவ்வோர் அறுகோணத்துக்குள்ளும் கால் அங்குலம் தள்ளிக் கைத்தையல் ஓட வேண்டும், இதற்கு அதுதான் வடிவம் என்றார். சர்ச் ஒன்றில் வாரம் ஒரு நாள் சட்டத்தைச் சுற்றி உட்காரும் பெண்களின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அவர்கள் சதுர அங்குலம் பார்ப்பதில்லை, செலவான நூலைக் கெஜக் கணக்கில் அளந்து கூலி சொல்கிறார்கள். இரண்டு வருடம் காத்திருக்க வேண்டுமாம். தோழி அன்றே கூப்பிட்டுப் பெயரைப் பதிவு செய்தாள்.