கிணற்றில் பங்குள்ள பெண்கள்

ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகள் வாட்ஸ்அப்பில் ஒரு வம்சாவளிப் படம் அனுப்பியிருந்தாள். பரம்பரை தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் முகவர் ஒருவரிடம் டொலரில் காசு கட்டி வாங்கியது. உச்சியில் குளக்கோட்டன் என்னும் அரசன். அங்கிருந்து மகன், மகன், மகன் என்று இறங்கி, அவளுடைய தகப்பனாகிய என் அண்ணனில் வந்து நின்றது. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. "சித்தப்பா, இது உண்மையா?" என்று கேட்டிருந்தாள்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் குடிகளைக் கொண்டுவந்து இருத்தித் தானத்தார், வரிப்பத்தார் என்று தொழும்பு பகிர்ந்து கொடுத்ததைக் கோணேசர் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அங்கிருந்து இன்றைய ஒரு வீட்டுக்குத் தகப்பன் பெயர்களால் படி கட்ட ஆவணம் கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவே இலங்கையில் 1867இல்தான் தொடங்கியது. எங்களுக்குக் குடும்பப் பெயரும் இல்லை. தகப்பன் பெயர் முதலெழுத்தாக ஒட்டிக்கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். பறங்கியருக்கு 1908இல் கொழும்பில் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் இருக்கிறது, அதன் சஞ்சிகையில் குடும்ப வரலாறுகள் அச்சாகியிருக்கின்றன. எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ல்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்தார். அவரது கல்லறை திருகோணமலையில் இருக்கிறது. ஆனால் அதே ஊர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களை எங்கே போய்த் தேடுவது?

சட்டத்தரணியான நண்பர் ஒருவர் என்னை ஓர் ஐயாவிடம் கூட்டிப்போனார். எழுபது கடந்தவர். வழக்குகளுக்காகக் காணிப் பதிவகத்தில் உரித்துத் தேடிக் கொடுப்பதே அவருக்கு வாழ்நாள் தொழில். கொஞ்சக் காலமாக வெளிநாட்டுக்காரருக்காகப் பரம்பரையும் தேடுகிறார். படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"குளக்கோட்டனை நான் பிடிக்கேலாது தம்பி. உங்கட அப்பாச்சிக்கு இருந்த வளவை ஆர் குடுத்தது? அதைக் கேளுங்கோ, தேடுவம்."

அவர் தேடும் முறை காணியைப் பிடித்துக்கொண்டு ஆட்களிடம் போவது. பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. கொடுத்தவர், வாங்கியவர், உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசு, எல்லாம் அதில் விழும். பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கத்தின் இலக்கத்தை அங்கேயே குறித்துவிடுவார்கள். பின்னால் போகவும் அப்படியே. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரட்டைப் பிரதி பதிவகத்துக்குப் போய்விடும். வீட்டுப் பிரதி எரிந்தாலும் கடல் கொண்டுபோனாலும் அது இருக்கும். எழுத்துப் பழக்கம்தான் வேண்டும். பழைய கந்தோர் இங்கிலீஷ் கையெழுத்தை ஐயா பத்திரிகை வாசிப்பதுபோல வாசிக்கிறார். அதைப் பழக இன்று ஆள் வருவதில்லை.

தேடல் விண்ணப்பம், முத்திரை, காத்திருப்பு ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். கையில் கிடைத்தது 1934ஆம் ஆண்டுச் சீதன உறுதியின் பிரதி. உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு துண்டு வளவு. கொடுத்தவர் என் பூட்டி, கைம்பெண்; கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் அடையாளம். மை கொஞ்சம் கூடிப்போய் ரேகைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டிருந்தன. நான் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருக்க, ஐயா கீழே அட்டவணைக்குப் போய்விட்டார். வடக்கு ஒழுங்கை, கிழக்கு வேறொருவர் காணி, மேற்கு வீதி. தெற்கு என்ற சொல்லில் விரலை வைத்தார். தெற்கு: கொடுப்பவரின் மூத்த மகளுக்கு ஏற்கெனவே சீதனமாகக் கொடுத்த காணி. அதன்கீழ், இரு வளவுக்கும் பொதுவான கிணற்றில் அரைப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை.

அப்பாச்சிக்கு ஓர் அக்கா இருந்தார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதே இல்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய இரண்டு சகோதரிகள். அந்தத் தெற்கு வளவின் பக்கத்தை ஐயா பிடித்தார். அது பின்னர் விற்கப்பட்டிருந்தது. விற்றவரின் முகவரி சம்பூர்.

சீதனம் எத்தனை பெண்களை அழவைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் பெண்களின் பெயரைக் காத்தது அந்தச் சீதன உறுதிதான். அரசகாணிப் பக்கம் போனால் அதுவும் இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்துப் பட்டியல் மகள்மாருக்கு முன்னால் மகன்மாரை வைத்தது. அனுமதிப்பத்திரக் காணியைக் கொண்டு தேடினால் அந்த முகவரின் படத்தைப்போலப் பெரும்பாலும் ஆண்களே வருவார்கள்.

அந்த முகவரை நினைக்க நினைக்க எனக்குக் கோபம் ஆறவில்லை. இப்படிப்பட்ட ஆட்கள் ஐயாவிடமும் வேலை கொடுக்கிறார்களாம். வெளிநாட்டில் வாங்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட இவர் கைக்கு வருவதில்லை. நாள் முழுக்கப் பேரேட்டில் குனிந்திருப்பவரின் பெயர் அறிக்கையில் இல்லை; உறுதி இலக்கமும் இல்லை, இருந்தால் வாங்கியவர் நேரே வந்து சரிபார்த்துவிடுவாரே. ஆவணம் முடிகிற இடத்தில் ஓர் அரசனை வைத்து விற்கிறார்கள். ஊரைவிட்டு ஓடிய சனம் தன் வேரைக் கேட்கிறது. அந்த ஏக்கத்தில் காசு பிடுங்குவது களவு. பரம்பரை தேடக் காசு கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் பக்க இலக்கமும் உறுதித் திகதியும் கேட்க வேண்டும். தேடியவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

நண்பரோடு மூதூர் வழியாகச் சம்பூர் போனோம். 2006இல் போரினால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து, 2015இல்தான் திரும்பத் தொடங்கிய இடம். கிராம சேவகரிடம் விசாரித்து, அப்பாச்சியின் அக்காவுடைய பேத்தியைக் கண்டோம். எனக்கு அக்கா முறை. பெருவிரல் அடையாளத்தின் படத்தைக் காட்டினேன், பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப எங்கட இந்தக் காணி உறுதியும் அங்க இருக்குமோ தம்பி? ஓடேக்க விட்டிட்டுப் போனது. பிறகு வந்து பாக்க வீடே இல்லை."

நொத்தாரிசின் பெயர் அவருக்கு நினைவிருந்தது, ஆண்டும் ஏறக்குறையத் தெரிந்தது. ஐயாவுக்கு அது போதுமாக இருந்தது. அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். கூலியைப் பெறாமகள் நேரே அவருடைய கணக்குக்கே அனுப்பினாள்.