தூவிச் சட்டை

மார்கழித் திங்களின் விடியற்காலையில் சேலம், நாமக்கல் சமவெளியில் நிலவும் குளிர் பெரிதன்று. கோலமிடும் பெண்டிர் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொள்வர். முதியோர் துண்டால் காதுகளை மூடிக்கொள்வர். வெயில் ஏறியதும் அவையும் வேண்டா. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் இரவு தங்குவோர்க்கும் கம்பளிச் சட்டை ஒன்று போதும். எனினும், கடுங்குளிரைத் தம் உடலால் அறிந்தோர் இச்சமவெளியில் பலர் உளர். அவர்கள் லாரி ஓட்டுநர்கள்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. சேலம், நாமக்கல் வழியாகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் தென்முனை கன்னியாகுமரி. வடமுனை காஷ்மீரத்து ஸ்ரீநகர். அங்கு டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் கடுங்குளிர். இரவில் நீர் உறைந்துவிடும். அவ்வழியே முதன்முறையாகக் கிளீனராகப் புறப்படும் இளைஞன் ஒருவன், இரண்டு பருத்திப் போர்வைகளைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். முதிய ஓட்டுநர் சிரிக்கிறார். “தம்பி, பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்துவிட்டால் அதுவே உனக்குப் பகை” என்று கூறி, அவனைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்கிறார்.

கடையில் உப்பிய சட்டை ஒன்று தொங்குகிறது. “அண்ணா, இத்தனை பருமனாக இருக்கிறது, கையில் எடுத்தால் எடையே இல்லையே!” என்று வியக்கிறான் இளைஞன். அதனுள் அடைத்திருப்பது வாத்தின் தூவி.

தூவி தமிழர்க்குப் புதிதன்று. கூதிர்க் காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில், பாண்டிமாதேவியின் படுக்கைக்கு அன்னத்தின் தூவி கூறப்பட்டுள்ளது. நீரில் வாழும் பறவைகளுக்கு வெளியிறகின் கீழே இம்மெல்லிய தூவி அடர்ந்து வளரும். அதற்கு விறைப்பான நடுத்தண்டு இல்லை. நுண்ணிழைகள் எப்பக்கமும் விரிந்து நின்று, தமக்கிடையே காற்றை அசையாது நிறுத்துகின்றன. சட்டை தானாக வெப்பம் தருவதன்று. உடலின் வெப்பம் வெளியே ஓடாதவாறு அக்காற்றே தடுக்கிறது. நாமக்கல்லில்தான் கோடிக்கணக்கான கோழிகள் உள்ளனவே, அவற்றின் இறகு ஆகாதா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. கோழியிறகு தண்டுடையது, தட்டையாகப் படியும், துணியைத் துளைத்துக்கொண்டு குத்தவும் செய்யும்.

1922இல் எவரெஸ்டு மலையேறச் சென்ற ஜார்ஜ் பின்ச் என்பார், பலூன் துணிக்குள் கடல்வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த மேலங்கியை அணிந்திருந்தார். தோழர்கள் முதலில் அதைக் கண்டு நகைத்தனர். பனிக்காற்றில் அதன் அருமை விளங்கிற்று.

அவ்வாறாயின் அதையே வாங்கிவிடலாமே எனில், முதியவர் அவசரப்படவில்லை. சட்டையைக் கையில் கசக்கி விடுகிறார். அது உடனே உப்புகிறது. தூவி ஒரு பக்கம் ஒதுங்காதபடி கட்டம் கட்டமாகத் தைத்திருக்கிறதா, கழுத்தும் மணிக்கட்டும் நன்கு மூடுகின்றனவா என்று பார்க்கிறார். உள்ளே தைத்த சீட்டில் நூற்றுக்கு எத்தனை பங்கு தூவி, எத்தனை பங்கு இறகு என்பதையும் படிக்கச் சொல்கிறார். எல்லாம் நன்று. ஆயினும் தூவிக்கு ஒரு குறை உண்டு: நனைந்தால் கட்டியாகித் திரண்டுவிடும், காற்று தங்க இடமிராது, உலரவும் நெடுநேரம் ஆகும். கிளீனரோ, வடநாட்டு மூடுபனியில், ஈரத் தரையில் படுத்துச் சக்கரம் மாற்ற வேண்டியவன். எண்ணெயும் சேறும் படிந்த சட்டையை அடிக்கடி துவைக்கவும் வேண்டும்.

ஆகவே, செயற்கைப் பஞ்சு அடைத்த வேறொரு சட்டையை அவர் எடுக்கிறார். அதன் எடை சற்று மிகுதி, விலையோ குறைவு. நனைந்தாலும் முற்றும் படிந்துபோகாது. உள்ளே கம்பளிச் சட்டை அணிய இடமிருக்குமாறு ஒரளவு பெரிதாகவே தேர்ந்தெடுக்கிறார். “வண்டியோரத்தில் அடுப்பு மூட்டும்போது இதைக் கழற்றி வைத்துவிடு. ஒரு பொறி பட்டாலும் துணி உருகி ஓட்டையாகிவிடும்” என்கிறார்.

இளைஞன் ஒரு போர்வையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான். மற்றொன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது, கிருஷ்ணகிரியைக் கடந்துவிட்டால் அதுவே போதும்.