மூன்று வரிச் செய்திகள்

வடகொரியாவுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அந்நாட்டை நம்பியதே தவறு என ஒரு சாராரும், அமெரிக்காவை நம்பியதே தவறு என மறு சாராரும் கூறுவதை முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றேன். இரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆனால், பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளைத் தெரிவதிலும் மொழிபெயர்ப்பதிலும் பக்கத்தில் அமைப்பதிலும் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கருத்தும் உண்டு. அந்த உடன்படிக்கைகள் முன்பக்கத்தில் முறியவில்லை. உட்பக்கங்களில், மூன்று வரிச் செய்திகளில் முறிந்தன.

1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கொரியத் தீபகற்பம் போரின் விளிம்பில் நின்றது. யொங்பியொன் என்னுமிடத்திலுள்ள 5 மெகாவொட் அணுவுலையிலிருந்து ஏறத்தாழ 8,000 எரிபொருட் கோல்களை வடகொரியா வெளியே எடுத்திருந்தது. அவற்றைப் பதப்படுத்தினால் சில குண்டுகளுக்குப் போதுமான புளூட்டோனியம் கிடைத்துவிடும். அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த வில்லியம் பெரி, யொங்பியொன்னைத் தாக்குவதற்கான திட்டங்களைத் தயாரிக்கச் செய்தார். அந்நிலையில், முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஜூன் மாதம் பியொங்யாங் சென்று கிம் இல் சுங்கைச் சந்தித்தார். மேலதிகப் படைகளை அனுப்புவது குறித்து வெள்ளை மாளிகையில் ஆலோசனை நடந்துகொண்டிருக்கையிலேயே, இணக்கம் கண்டுவிட்டதாகச் சிஎன்என் தொலைக்காட்சியில் அவர் அறிவித்தார். ஜூலை 8ஆம் திகதி கிம் இல் சுங் காலமானார். எனினும் பேச்சு நின்றுவிடவில்லை. ஒக்டோபர் 21ஆம் திகதி ஜெனீவாவில் ரொபர்ட் கலுச்சியும் காங் சொக் ஜுவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

அதன் சாரம் எளிமையானது. வடகொரியா தன் அணுவுலைகளை முடக்கி, அவற்றைச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக, குண்டு தயாரிப்புக்கு எளிதில் பயன்படாத இரண்டு மென்னீர் உலைகள் 2003ஆம் ஆண்டளவில் கட்டித்தரப்படும். அதுவரை ஆண்டுதோறும் 5 இலட்சம் தொன் எரிபொருள் எண்ணெய் வழங்கப்படும். இரு நாடுகளும் படிப்படியாக இராஜதந்திர உறவை ஏற்படுத்திக்கொள்ளும்.

நான் செய்தித் துறைக்கு வந்து அதிக காலம் ஆகியிராத நாட்கள் அவை. ஜெனீவாவில் கையெழுத்தானது எல்லாப் பத்திரிகைகளுக்கும் பெரிய செய்தி. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் தொலைஅச்சில் வந்தவையோ வேறு வகையானவை. எண்ணெய்க் கப்பல் தாமதம். நிதி ஒதுக்க அமெரிக்கக் காங்கிரஸ் தயக்கம். உலைகளின் செலவை யார் ஏற்பது என்பதில் இழுபறி. இத்தகைய செய்திகளின் இடம் எதுவென்று பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். பத்தியின் அடியில் இடம் மிஞ்சினால் அவை அச்சேறும். விளம்பரம் ஒன்று வந்துவிட்டால் அதுவும் இல்லை. கப்பல் தாமதத்தை எந்த வாசகர் தேடி வாசிக்கப் போகிறார்?

பியொங்யாங்கில் அதைத் தேடி வாசித்திருப்பார்கள் என்பதுதான் விடயம். கையெழுத்தான அடுத்த மாதமே நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சி காங்கிரஸைக் கைப்பற்றியது. உடன்படிக்கையை விரும்பாதவர்களின் கையில் பணப்பை சென்றது. எண்ணெய் பல தடவைகள் பிந்தியே போய்ச் சேர்ந்தது. 2003இல் முடிய வேண்டிய உலைகளுக்கு 2002 ஆகஸ்ட் மாதத்திலேதான் முதற் கொங்கிறீற் இடப்பட்டது. மறுபுறத்தில் வடகொரியாவும் சும்மா இருக்கவில்லை. பாகிஸ்தானிய விஞ்ஞானி ஏ.கியூ.கானின் தொடர்புகள் வழியாக, யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்களை அது தேடிக்கொண்டிருந்தது. ஒருவரின் தாமதம் மற்றவரின் வஞ்சகத்துக்குச் சாட்சியாயிற்று. அந்த வஞ்சகம் அடுத்த தாமதத்துக்கு நியாயமாயிற்று. இந்தக் கணக்கை இரு தலைநகரங்களும் மிகக் கவனமாக எழுதி வைத்துக்கொண்டன.

2002 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதுவராகப் பியொங்யாங் சென்ற ஜேம்ஸ் கெலி யுரேனிய முயற்சியை நேரில் எழுப்பினார். அதன் பின்னர் எண்ணெய் நிறுத்தப்பட்டது. டிசெம்பரில் கண்காணிப்பாளர்கள் வெளியேற்றப்பட்டனர். 2003 ஜனவரியில், அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக வடகொரியா அறிவித்தது. எட்டு ஆண்டுகள் முத்திரையிடப்பட்டிருந்த அந்த எரிபொருட் கோல்கள் பதப்படுத்தப்பட்டன. 2006 ஒக்டோபர் 9ஆம் திகதி முதலாவது அணுகுண்டுப் பரிசோதனை நடந்தது. 2017க்குள் மேலும் ஐந்து.

இதனாலேயே அந்த உடன்படிக்கையைத் 'தோல்வி' என்ற ஒரு சொல்லால் கடந்துசெல்ல என் மனம் ஒப்புவதில்லை. எட்டு ஆண்டுகள் யொங்பியொன்னில் புதிதாகப் புளூட்டோனியம் உற்பத்தியாகவில்லை. அது சிறிய காரியமன்று. ஆனால், ஓர் உலை இயங்காமலிருப்பதைப் படம்பிடிக்க முடியாது. அது தினமும் நடக்கும் நிகழ்வாயினும் ஒரு நாளும் செய்தியாவதில்லை. செய்தியாகாத ஒன்றைக் காப்பாற்ற அரசியல்வாதிகள் முன்வருவதும் அரிது.

பின்னரும் இதே கதைதான். ஆறு நாடுகள் பெய்ஜிங்கில் கூடி, 2005 செப்டெம்பர் 19ஆம் திகதி கூட்டறிக்கை வெளியிட்டன. அணுவாயுதங்களைக் கைவிடுவதாக அதில் வடகொரியா உறுதியளித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், மக்காவோவிலுள்ள ஒரு சிறிய வங்கியை வடகொரியாவின் கறுப்புப் பணத்துக்குத் துணைபோவதாக அமெரிக்கத் திறைசேரி குற்றஞ்சாட்டியிருந்தது. அங்கே முடங்கியது ஏறத்தாழ 2.5 கோடி டொலர். முன்பக்கத்தில் கூட்டறிக்கை, வர்த்தகப் பக்கத்தில் வங்கி. கூட்டறிக்கையை ஓராண்டுக்கும் மேலாக முடக்கி வைத்தது அந்த வர்த்தகப் பக்கச் செய்தியே.

உறவைத் துண்டிப்பதே மேல் என்போரும் உளர். துண்டிப்பது எளிதுதான். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது, கிளர்ச்சியாளருக்கு உதவியதாக எழுந்த சந்தேகத்தின் பேரில் கொழும்பிலிருந்த வடகொரிய இராஜதந்திரிகளை நமது அரசாங்கமும் வெளியேற்றியது. தூதரகமொன்றை மூடுவதற்கு ஓர் உத்தரவு போதும். அணுவுலையின் நிலை வேறு. உறவு துண்டிக்கப்படும்போது கண்காணிப்பாளர்தாம் வெளியேறுகிறார்கள். உலை அங்கேயே இருக்கிறது.

2018 ஜூனில் சிங்கப்பூரில் டொனால்ட் ட்ரம்பும் கிம் ஜொங் உன்னும் கைகுலுக்கியதை உலகமே பார்த்தது. 2019 பெப்ரவரியில் ஹனோயில், யொங்பியொன்னுக்கு ஈடாக எவ்வளவு தடைகளை நீக்குவது என்ற கேள்வியில் இருவரும் வெறுங்கையுடன் பிரிந்தனர். இடைப்பட்ட எட்டு மாதங்களில், அந்தக் கணக்கைத் தீர்த்து வைத்திருக்க வேண்டிய அதிகாரிகளின் பேச்சு அரிதாகவே நடந்தது. தலைவர்கள் முன்பக்கத்தில் இருந்தார்கள். உட்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

2023இல் வடகொரியா தன் அணுவாயுதக் கொள்கையை அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. 2003இல் தன் திட்டத்தைக் கைவிட்ட லிபியாவின் கடாபிக்கு 2011இல் நேர்ந்த முடிவை அது மறக்கவில்லை. அணுவாயுதங்களைக் கைவிடச் சொல்லாவிட்டால் அமெரிக்காவுடன் பேசலாம் என 2025 செப்டெம்பரில் கிம் ஜொங் உன் கூறினார். ஆகவே, இனியொரு பேச்சு நடந்தால் அது பெரும்பாலும் முழுமையான கைவிடலைப் பற்றியதாக இராது. முடக்குதல், எண்ணுதல், கண்காணித்தல் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கும். அதாவது, 1994இல் கையிலிருந்ததைவிடக் குறைந்த ஒன்றை, அதைவிடக் கூடிய விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

அத்தகைய ஓர் உடன்படிக்கை வருமாயின், கையெழுத்துப் படத்தை எல்லோரும் பார்ப்பார்கள். வாசகர்களிடம் நான் வேண்டுவது வேறு. அதற்கு ஆறு மாதம் கழித்து, பத்தியின் அடியில் எண்ணெய்க் கப்பல் பற்றியோ கண்காணிப்பாளரின் விசா பற்றியோ மூன்று வரிகள் வந்தால், அவற்றைத் தவறாது வாசியுங்கள். அந்த உடன்படிக்கை பிழைக்குமா என்பது அங்கேதான் தெரியும்.